கலசத்துக்குக் கீழே முப்பத்துமூன்று

மேற்கு மாம்பலம்
12.9.93

அன்புள்ள மஹதிக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், அச்சு மிஷின் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியம்தான் என்று சமையலறைப் பாத்திரச் சத்தத்திலிருந்து தெரிகிறது. கான்பூரில் மழை விட்டதா? ஹாஸ்டல் சப்பாத்தி கொஞ்சமாவது மெல்லும்படி இருக்கிறதா?

உன் கடிதம் வந்தது. உட்கார்ந்து படித்தேன், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். மாம்பலத்தில் அச்சகம் வைத்த நாளிலிருந்து கல்யாணப் பத்திரிகைதான் அடிக்கிறேன். பிள்ளையார் போட்டிருக்கிறேன், ஜோடி மயில் போட்டிருக்கிறேன், ஒரு மாப்பிள்ளை அடம் பிடித்தான் என்று கிரிக்கெட் மட்டை கூடப் போட்டிருக்கிறேன். ஒரு எண்ணைப் போடு என்று கேட்டவள் நீதான். அதுவும் எப்பேர்ப்பட்ட எண்!

357686312646216567629137.

நம் ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பாலிசி, கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டின மாதிரி இருக்கிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் தேறியதே பேப்பர் திருத்தியவரின் இளகிய மனசால். இது என்ன எண், இதற்கும் உன் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரிகிற பாஷையில் எழுது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லை. அவளே எல்லாம் முடிவு பண்ணிண்டாச்சு" என்றாள். அவள் கஷ்டம் உனக்குத் தெரியும். தங்கவேலுக்கு ஜாதகம் கிடையாது. "எங்க வீட்ல எழுதுற வழக்கமே இல்லீங்க" என்று ஈக்காட்டுத்தாங்கலில் அவன் அம்மா தங்கபுஷ்பம் காபி டம்ளரை நீட்டியபடியே சொல்லிவிட்டார். சரி, பிறந்த தேதியாவது கொடுங்கள், கூட்டிப் பார்க்கிறேன் என்றாள் உன் அம்மா. ஜூன் ஒன்றாம் தேதியாம். அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தானாகப் போட்டுக்கொண்ட தேதியாம்! கூட்டுவதற்கு ஒரு எண் கூட இல்லாத மாப்பிள்ளையை எங்கே பிடித்தாய்?

ஆட்டோ நம்பரைக் கூட்டி ஒன்பது வந்தால்தான் ஏறுகிறவள் அவள். எட்டு வந்தால் பாண்டி பஜாரிலிருந்து நடந்தே வருவாள், பைகளை நான் தூக்குவேன். ஏழு வருஷம் காத்திருந்து டெலிபோன் கிடைத்தபோது நம்பர் எட்டு என்று திருப்பி அனுப்பியவள். அதனால்தான் நாம் இன்னும் இன்லண்ட் லெட்டரில் கத்திக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு வலது கையில் வலி. அதனால் தனியாக எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா கல்யாணராமன்


கான்பூர்
22.9.93

அப்பாவுக்கு நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். சப்பாத்தி அப்படியேதான் இருக்கிறது. அம்மா கைக்குத் தைலம் தடவிவிடு.

அந்த எண்ணைப் பற்றி. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண், இல்லையா? உன் இளகிய மனசுக்காரர் கூட இதைக் கேட்டிருப்பார். இந்த இருபத்துநாலு இலக்க எண் ஒரு பகா எண். இப்போது இடது கோடியில் இருக்கிற 3-ஐ வெட்டிவிடு. மிச்சமும் பகா எண். அடுத்த 5-ஐ வெட்டு. அதுவும். இப்படி ஒவ்வொன்றாகத் தலையை வெட்டிக்கொண்டே வா, கடைசியில் 9137, 137, 37, 7. ஒன்று கூடக் கெடாது. பூஜ்யம் கலக்காமல் இப்படி அமைந்த எண்களில் இதுதான் பெரியது. இதற்கு முன்னால் 1 முதல் 9 வரை எதை ஒட்டினாலும் பகா எண்ணாக நிற்காது.

தங்கவேல் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே இதைப் பற்றித்தான். கரும்பலகையில் எழுதிவிட்டு உள்ளங்கையால் முன்னாலிருந்து ஒவ்வொரு இலக்கமாக மறைத்துக்கொண்டே வந்தான். கை முழுக்கச் சாக்பீஸ். அதனால்தான் பத்திரிகையில் வேண்டும். ஒரு வரிக்கு ஓர் இலக்கம் குறைந்து இருபத்துநாலு வரி.

அப்பா, எனக்கு மேளம் வேண்டாம், ஹால் வேண்டாம். ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸில் நான் கையெழுத்துப் போடும்போது அம்மா பக்கத்தில் இருப்பாளா?

மஹதி


மேற்கு மாம்பலம்
20.10.93

அன்புள்ள மஹதிக்கு,

ஆசீர்வாதம். நவராத்திரி நல்லபடியாக நடக்கிறது. தினம் சுண்டல் தின்று எனக்கு வயிறு மட்டும் சௌக்கியமில்லை. பதில் தாமதமாகிவிட்டது, ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்.

உன் விளக்கம் புரிந்தது. வெட்ட வெட்டச் சாகாத அசுரன் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் அப்படியே சொல்லித் தொலைத்தேன். "சுபகாரியப் பத்திரிகையில தலையை வெட்டறதா?" என்று கொலுப்படியிலிருந்தே கத்தினாள். மைசூர்பாகு வாங்கப் போகிற மாதிரி நைஸாக வெளியே போய்விட்டேன்.

நடந்துகொண்டே யோசித்ததில் ஒன்று தோன்றியது. பெரிய எண்ணை மேலே வைத்துக் கீழே குறைத்துக்கொண்டு போனால் கவிழ்த்த கோபுரம் மாதிரி இருக்கும், அமங்கலம். தலைகீழாக்கிவிட்டால்? உச்சியில் 7, அதன் கீழே 37, அதன் கீழே 137, அடியில் அஸ்திவாரமாக உன் அசுரன். நடுவாக்கி அடித்தால் அசல் கோபுரம், 7 கலசம். வெட்டுவதாக இல்லாமல் கட்டுவதாக ஆகிவிடுகிறது, பார். கணக்கு வராதவனுக்கும் இந்த மாதிரி மூளை இருக்கிறது.

தி.நகர் ரிஜிஸ்டர் ஆபீஸில் ஜனவரி 17 கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் ஏழும் எட்டு. வேறு தேதிக்குக் கெஞ்சினேன். "பொங்கல் லீவு முடிஞ்சு இதான் சார் கீது, வேணும்னா எடுத்துக்க" என்றார் அந்த ஆள். அம்மாவிடம் இன்னும் தேதியைச் சொல்லவில்லை, பொங்கல் கழித்து என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கொலு இந்த வருஷம் ஒன்பது படி. பரணிலிருந்து பெட்டிகளை அம்மாவே இறக்கி ஒரே நாளில் அடுக்கிவிட்டாள். தெருவே வந்து பார்க்கிறது.

கை வலி இருப்பதால் அவள் எழுதவில்லை.

அப்பா


கான்பூர்
28.10.93

அப்பாவுக்கு நமஸ்காரம். நலம்.

கோபுரம் பிரமாதம். தங்கவேல் உன்னை இங்கே வாத்தியாராக வரச் சொல்கிறான்.

வலது கை வலிக்கிறவள் பரணிலிருந்து பெட்டி இறக்கினாளாக்கும். பொய் சொல்வதென்றால் முந்தின கடிதத்தை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு சொல்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

மஹதி


மேற்கு மாம்பலம்
21.11.93

அன்புள்ள மஹதிக்கு,

ஆசீர்வாதம். விடாத மழை. அச்சகத்தில் கணுக்கால் தண்ணீர், மிஷினுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறோம். ஜலதோஷம் தவிர எனக்கு ஒன்றுமில்லை. நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அன்று ரசத்தில் உப்பில்லை, மறுநாள் இரண்டு நாளைக்குச் சேர்த்து இருந்தது.

உன் எண்ணைக் கய்யூம் அச்சுக் கோத்தான். அப்துல் கய்யூம் சாதாரணமாகப் பேச்சை நிறுத்தாமல் கோப்பவன். இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு உன் காகிதத்தை மூக்குக்கு நேரே ஒட்டி வைத்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்தான். "நைனா, இது பத்திரிகையா, பேங்க் லாக்கரா?" என்றான் முடிந்ததும். ப்ரூஃபை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உனக்குத் தெரியாததில்லை. நம் அச்சகத்தில் அம்மா பார்க்காமல் ஒரு ப்ரூஃபும் மிஷினில் ஏறியதில்லை. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் கால் விட்டுப்போனால் கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அடியில் "பார்த்தேன். அச்சிடலாம். கோ." என்று எழுதிக் கொடுத்தால்தான் கய்யூம் மிஷினை மிதிப்பான். ஊரில் பாதிக் கல்யாணம் அவள் அப்படி எழுதின பிறகு நடந்ததுதான்.

சாப்பாட்டு மேஜையில் சொம்புக்கு அடியில் ப்ரூஃபை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அங்கேயே இருந்தது. அடியை மட்டும் பார்த்தேன், அந்த வரி இல்லை. கேட்கப் பயந்துகொண்டு சுருட்டி எடுத்துப் போய்க் கய்யூமிடம் கொடுத்து, "அடி" என்றேன். கோமளத்தின் கையெழுத்தில்லாமல் மிஷினில் ஏறிய முதல் பத்திரிகை என் சொந்தப் பெண்ணுடையது. கண் எரிச்சலாக இருக்கிறதாம், அதனால்தான் பார்க்கவில்லை. (இது முந்தின கடிதத்துக்கு முரணில்லை, சரிபார்த்துவிட்டேன்.)

உன் பங்கைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே கொடுக்க வேண்டியவை கட்டுக் கட்டாக அச்சகத்தில் இருக்கின்றன. அம்மாவோடு போய் மஞ்சள் தடவிக் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

அப்பா


கான்பூர்
4.12.93

அப்பா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. முப்பத்துமூன்று!

பார்சல் வந்ததும் ஆசையாக முதல் பத்திரிகையை எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது என் முட்டாள்தனம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "வாழ்த்துகள். முப்பத்துமூன்று எப்போதிலிருந்து பகா எண்?" என்று கேட்டார். அறையில் பத்துப் பேர். எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்கிறவள் கல்யாணப் பத்திரிகையில், கலசத்துக்கு நேர் கீழே, மூன்று பதினொன்று முப்பத்துமூன்று!

137 இருக்க வேண்டிய இடத்தில் 133. அது ஏழு பத்தொன்பது. எல்லா வரியும் 7-க்குப் பதில் 3-இல் முடிகிறது. தலையில் ஒரு இலக்கம் தப்பினால் ஒரு வரியோடு போயிருக்கும். வால் எல்லா வரியிலும் இருக்கிறதே! கோபுரம் மொத்தமும் சரிந்துவிட்டது. தங்கவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், அவனோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறேன். கய்யூம் பாய்க்கு என்ன ஆயிற்று? நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

மறுபடி அடி. மாம்பலத்துக் கட்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதே.

மஹதி


மேற்கு மாம்பலம்
13.12.93

அன்புள்ள மஹதிக்கு,

ஆசீர்வாதம். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

உன் கடிதத்தோடு நேரே அச்சகத்துக்குப் போய்க் கய்யூமை வாங்கு வாங்கென்று வாங்கினேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் இப்படிக் கத்தியதில்லை. அவன் கை மையைத் துடைத்துக்கொண்டு, "கத்திக்கினே இருந்தா எப்டி? நா ஏழுதான் கோத்தேன். ப்ரூஃப்ல இன்னா திருத்தி வந்துச்சோ அதான் மாத்தினேன். வேலை மெனக்கெட்டு இருவத்தி நாலு எடத்துல. இந்தா, நீயே பாத்துக்க" என்று ஆணியில் குத்தியிருந்த ப்ரூஃபை எடுத்து நீட்டினான்.

பார்த்தேன்.

தப்பு என்னுடையதுதான். கண்ணாடி மாற்ற வேண்டும். இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை, நீயும் எழுதாதே. கோத்த அச்செழுத்தைக் கலைத்துவிட்டதால் கய்யூம் முதலிலிருந்து கோக்கிறான்.

மார்கழிக் குளிர் ஆரம்பிக்கப் போகிறது. அம்மா சௌக்கியம்.

அப்பா


கான்பூர்
21.12.93

அப்பாவுக்கு நமஸ்காரம். நலம். தங்கவேலோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

உன் கண்ணாடி இருபத்துநாலு இடத்தில் ஒரே மாதிரி கெடுமா? வேறு யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தேன். அடி வரியைக் கூட்டினேன். அசல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 112. ஒன்றும் ஒன்றும் இரண்டும் நாலு. நாலு என்றால் ராகு, நம் வீட்டில் எட்டுக்கு அடுத்த வில்லன். நீ அடித்ததைக் கூட்டினால் 108. ஒன்பது. ஏழில் நாலைக் கழித்து மூன்றாக்கினால் சரியாக நூற்றெட்டு.

நம் வீட்டில் எண்ணைப் பார்த்தால் கூட்டுகிறவர் ஒருவர்தான். அது நீ இல்லை. உனக்கு இத்தனை இலக்கத்தைப் பிழையில்லாமல் கூட்ட வராது.

நான் அவள் மேல் பாய்வேன் என்று பயந்துதானே கண்ணாடியில் பழி போட்டாய்? போன வாரம் நீ உண்மையை எழுதியிருந்தால் பாய்ந்துதான் இருப்பேன். நேற்று கூட்டி முடித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஜாதகம் இல்லை, பிறந்த நாள் இல்லை, தேதி எட்டு. அவள் கைக்கு எட்டின ஒரே எண் இதுதான். இந்தக் கல்யாணம் எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிறவள் ராத்திரி உட்கார்ந்து இதைக் கூட்டுவாளா? இருபத்துநாலு இடத்தில் 7-ஐ அடித்து இருபத்துநாலு மூன்று போடுவாளா?

உள்ளே இருக்கிற காகிதம் அவளுக்கு. நீ படிக்காதே. படிப்பாய், தெரியும். படித்துவிட்டு ஒட்டிக் கொடு.

மஹதி


(அதனுள் வைத்தது)

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உன் கை, கண் எல்லாம் சௌக்கியம் என்று நினைக்கிறேன்.

அம்மா, உனக்குப் பிடித்த ஒன்பதும் எனக்குப் பிடித்த பகா எண்ணும் ஒரே எண்ணில் குடியிருக்காது. எந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வந்தாலும் அது ஒன்பதால் வகுபடும். 27, 108, நீ ஏறின எல்லா ஆட்டோவும். வகுபட்டால் பகா எண் இல்லை. நீ ஒன்பதாக்கிய நிமிஷமே அது என் எண் இல்லையென்று ஆகிவிட்டது. உன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, எண்களின் சுபாவம் அப்படி.

ஒரு சமாதானம் சொல்கிறேன். அடி வரியின் முதல் இலக்கம் 3 இருக்கிறதே, அதை மட்டும் 8 ஆக்கிக்கொள். கூட்டினால் 117, ஒன்பது. அந்த முதல் இலக்கம் வேறு எந்த வரியிலும் வராததால் ஒரு வரிதான் கெடும். அஸ்திவாரம் உன்னுடையது, மேலே இருக்கிற இருபத்துமூன்று வரியும் என்னுடையது. பேராசிரியர் கேட்டால் அது எங்கள் அம்மா வரி என்று சொல்லிக்கொள்கிறேன்.

ப்ரூஃபை நீயே பார். நீ பார்க்காத பத்திரிகை எனக்கு வேண்டாம்.

மஹதி


மேற்கு மாம்பலம்
2.1.94

சௌ. மஹதிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நாங்கள் சௌக்கியம். உன் அப்பா காகிதத்தைப் படித்துவிட்டுக் கோந்து காயாமலேயே கொண்டுவந்து கொடுத்தார். என் கைக்கு எந்த வலியும் வந்ததில்லை. அவர் எழுதின வியாதி எல்லாம் அவர் கற்பனை. ரசத்தில் உப்பில்லாமல் போனது மட்டும் நிஜம்.

படித்த பெண்தானே நீ? 3-ஐ எடுத்துவிட்டு அங்கே எட்டை வை என்கிறாயே! எட்டைக் கொண்டுபோய் அஸ்திவாரத்தில் வைத்துவிட்டு மேலே ஒன்பது வந்து என்ன பிரயோஜனம்? இதற்கா உன்னைக் கான்பூர் வரை அனுப்பினோம்? அதற்கு அந்த நாலே இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும் உன் இஷ்டப்படி செய்தாய். எனக்கென்று ஒரு காரியமும் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, நேரில் வா, சொல்கிறேன். சொம்புக்கு அடியில் காகிதம் இருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. முதல் எண்ணில் கை வைக்க மனசு வராமல் கடைசியில் வைத்தேன். கடைசி எண்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இத்தனை வரியையும் அதுதான் தாங்குகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

புது ப்ரூஃப் வந்தது. உன் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவை ஒவ்வொரு எண்ணாகப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது வரியிலேயே கொட்டாவி விட்டார். கய்யூம் மூன்று இடத்தில் 6-ஐத் தலைகீழாகக் கோத்து 9 ஆக்கியிருந்தான். ஒன்பதாக இருந்தும் திருத்திவிட்டேன், அதையும் கவனித்துக்கொள்.

தங்கவேலின் அம்மா வெள்ளிக்கிழமை வந்திருந்தாள். மஞ்சள் தடவும்போது கூடமாட உட்கார்ந்தாள். எண் கோபுரத்தை விரலால் தடவிப் பார்த்து, "கோலம் மாதிரி இருக்குங்க" என்றாள். நல்ல மனுஷி. காபிதான் ரொம்பத் தண்ணீராகப் போடுகிறாள் என்று அப்பா சொல்கிறார்.

பதினேழாம் தேதி காலையில் எந்த நம்பர் ஆட்டோ வந்தாலும் ஏறுகிறேன். உன் அப்பாவைக் கூட்டச் சொல்லாதே.

வரும்போது ஸ்வெட்டரை மறக்காமல் போட்டுக்கொண்டு வா. ப்ரூஃபின் ஓரத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மா


(ஒட்டியிருந்த துண்டு)

பார்த்தேன். அச்சிடலாம்.
கோ.